வாசகர் கேள்வி – பதில்: தஞ்சம் கேட்டுக் காத்திருப்பவருக்கு என்ன உரிமை?

புகலிடம் கோருவோரைப் பற்றி வந்த கடிதங்களில், சட்டத்தையும் நடைமுறையையும் சார்ந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்களில் சிலர் தாமே விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் என்பதால் பெயர்களையும் ஊர்களையும் வெளியிடவில்லை.

கேள்வி: என் நண்பர் புகலிடம் கேட்டு விண்ணப்பித்து ஓராண்டுக்கு மேலாகிறது. "உங்கள் விண்ணப்பத்தில் இன்னும் முடிவாகவில்லை, அதுவரை நீங்கள் அகதி அல்ல, உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை" என்று ஓர் அலுவலர் அவரிடம் சொல்லியிருக்கிறார். இது சரியா?

பதில்: சரியல்ல. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க ஆதாரமுள்ள அச்சத்தோடு தன் நாட்டுக்கு வெளியே இருப்பவரை அகதி என்கிறது. இந்த வரையறையில் எந்த இடத்திலும் "ஓர் அரசால் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்" என்ற நிபந்தனை கிடையாது. ஐ.நா. அகதிகள் உயர் ஆணையரகம் 1979இல் வெளியிட்ட கையேடு இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது: அங்கீகாரம் ஒருவரை அகதியாக்குவதில்லை, அவர் அகதியாக இருப்பதால்தான் அங்கீகரிக்கப்படுகிறார். ஆகவே முடிவு தெரியாத காலம் முழுவதும், எதிரில் நிற்பவர் அகதியாக இருக்கக்கூடும் என்று கருதியே அரசு நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பின்னால் அவர் அகதிதான் என்று தெரியவந்தால், இடைப்பட்ட காலத்தில் இழைத்த தவறைத் திருத்த வழியிருக்காது.

இதன் முதல் விளைவு, உடன்படிக்கையின் 33ஆம் பிரிவிலுள்ள திருப்பி அனுப்பாமைக் கொள்கை. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ அச்சுறுத்தல் உள்ள இடத்துக்கு ஒருவரை எந்த வகையிலும் அனுப்பக்கூடாது என்பது, விண்ணப்பம் நிலுவையில் இருப்பவருக்கும் பொருந்தும்; இந்தப் பிரிவுக்கு விலக்குக் கேட்டு எந்த நாடும் உடன்படிக்கையில் சேர முடியாது என்று 42ஆம் பிரிவு தடுத்திருக்கிறது. நீதிமன்றத்தை அணுகும் உரிமையும் (16ஆம் பிரிவு) அப்படி விலக்க முடியாத ஒன்று. மற்றபடி, எல்லா உரிமைகளும் முதல் நாளே முழுமையாகக் கிடைத்துவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலை, பயண ஆவணம், பொது உதவி போன்றவற்றை உடன்படிக்கை, ஒருவர் அந்நாட்டில் எவ்வளவு சட்டபூர்வமாக, எவ்வளவு நிலையாகத் தங்கியிருக்கிறார் என்பதைப் பொறுத்துப் படிப்படியாகத் தருகிறது.

உங்கள் நண்பர் உடனடியாகக் கவனிக்க வேண்டியது, விண்ணப்பம் பதிவானதற்கான எழுத்துச் சான்று அவர் கையில் இருக்கிறதா என்பதைத்தான். தெருவில் நிறுத்திக் கேட்கும் காவலருக்கும், மருத்துவமனைப் பதிவு மேசைக்கும், பள்ளிக்கும் அந்தச் சான்றுதான் பதில் சொல்லும். அது காலாவதியாவதற்கு முன்பே புதுப்பிக்கக் கேட்டு, கேட்டதற்கான ஒப்புகையையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: போலிக் கடவுச்சீட்டில் வருகிறார்கள், படகில் ஒளிந்து வருகிறார்கள். சட்டத்தை மீறி நுழைந்தவருக்குச் சட்டம் எப்படிப் பாதுகாப்புத் தரும்? முறையாக விசா வாங்கி வந்தால் என்ன?

பதில்: "புகலிட விசா" என்று ஒன்று பெரும்பாலான நாடுகளில் இல்லை. தன்னைச் சிறையிலடைக்கத் தேடும் அரசிடமே போய்க் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க ஒருவரால் முடியாது. அது கையில் இருந்தாலும், தஞ்சம் கேட்கக்கூடும் என்ற சந்தேகம் எழுந்த உடனே விசா மறுக்கப்படும். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றி வரும் விமான நிறுவனத்துக்குப் பல நாடுகள் அபராதம் விதிப்பதால், பயணம் தொடங்கும் விமான நிலையத்திலேயே அவர் தடுக்கப்படுகிறார். முறையான வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, முறையாக வரவில்லையே என்று கேட்பது நேர்மையான கேள்வியாகாது.

உடன்படிக்கையை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஜெர்மனியிலிருந்து தப்பிய 900க்கும் மேற்பட்ட யூதர்களோடு 1939இல் புறப்பட்ட 'செயின்ட் லூயிஸ்' கப்பலைக் கியூபாவும், பின்னர் அமெரிக்காவும் கனடாவும் ஏற்க மறுத்தன. ஐரோப்பாவுக்குத் திரும்பிய அந்தப் பயணிகளில் 254 பேர் நாஜிகளின் இனப்படுகொலையில் மாண்டார்கள். அந்த நினைவு மறையாத காலத்தில் எழுதப்பட்டதுதான் 31ஆம் பிரிவு: உயிருக்கோ சுதந்திரத்துக்கோ அச்சுறுத்தல் உள்ள இடத்திலிருந்து நேராக வந்தவர், தாமதமின்றி அதிகாரிகளிடம் தம்மை ஒப்படைத்து, முறையின்றி நுழைந்ததற்குத் தக்க காரணமும் காட்டினால், அந்த நுழைவுக்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. நிபந்தனைகள் உண்டு என்பதைக் கவனியுங்கள். போலி ஆவணத்தில் வந்தவர் அதை முதல் வாய்ப்பிலேயே ஒப்புக்கொண்டு காரணம் சொல்வது இதனால்தான் முக்கியமாகிறது. மறைத்து வைத்துப் பின்னால் வெளிப்பட்டால், நுழைவைப் பற்றிய பொய் முழுக் கதையின் மீதும் நிழலாக விழும்.

கடலில் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்று நினைத்த அரசுகளுக்கும் பதில் கிடைத்திருக்கிறது. 2009இல் இத்தாலியக் கப்பல்கள் நடுக்கடலில் மறித்து லிபியாவிடம் ஒப்படைத்தவர்களில், சோமாலியாவையும் எரித்திரியாவையும் சேர்ந்த 24 பேர் தொடுத்த வழக்கில், 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இத்தாலியின் செயல் உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. தன் கப்பலில் ஏற்றிக்கொண்ட கணத்திலேயே அவர்கள் அந்த நாட்டின் பொறுப்புக்குள் வந்துவிட்டார்கள் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கேள்வி: என் உறவினரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. முதல் நேர்காணலில் கைதான தேதியை ஒன்றாகவும் இரண்டாவதில் வேறாகவும் சொன்னார் என்பதே முக்கியக் காரணமாம். அவர் பொய் சொல்பவர் அல்லர். மேன்முறையீட்டில் இதை எப்படி எதிர்கொள்வது? நேர்காணலுக்குப் போகும் மற்றவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: வந்த கடிதங்களில் மிகுதியானவை இதைப் பற்றியவையே. காரணமும் புரிகிறது: புகலிட வழக்குகளில் பெரும்பாலும் சாட்சியும் ஆவணமும் இருப்பதில்லை, விண்ணப்பதாரரின் வாய்மொழிதான் வழக்கு. அதனால்தான் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டு சிங் வழக்கில், ஒருவரின் நம்பகத்தன்மையே கேள்விக்குரியதாக இருக்கும்போது அவரை நேரில் விசாரிக்காமல் காகிதங்களை மட்டும் பார்த்து முடிவெடுப்பது நியாயமாகாது என்றது.

தேதி முரண்பாட்டுக்கு வருவோம். பிரிட்டனில் இருந்த கொசோவோ, போஸ்னிய அகதிகளிடம் அவர்களது அனுபவங்களை இரு முறை கேட்டுப் பதிவு செய்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. பொய் சொல்வதால் அவர்களுக்கு எந்த லாபமும் இல்லாத சூழ்நிலையிலும் இரண்டு விவரிப்புகளும் பல இடங்களில் மாறுபட்டன. மைய நிகழ்வைவிட அதைச் சுற்றியுள்ள விவரங்களில் மாறுபாடு அதிகமாக இருந்தது. மனவடு கடுமையாக இருந்தவர்களிடம், இரு சந்திப்புகளுக்கும் இடைவெளி கூடக் கூட முரண்பாடும் கூடியது. அதாவது, விசாரணையை அரசு தாமதப்படுத்தினால், மிகவும் பாதிக்கப்பட்டவரே மிகவும் நம்பத்தகாதவராகத் தோற்றமளிக்க நேரிடும்.

நாட்காட்டிச் சிக்கல் வேறு. அஃப்கானியர் ஒருவர் தம் நாட்டு நாட்காட்டிப்படி "1399ஆம் ஆண்டு குளிர்காலத்தில் பிடித்தார்கள்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு 2020 மார்ச்சில் தொடங்கி 2021 மார்ச்சில் முடிகிறது. குளிர்காலமோ 2020இன் கடைசி நாட்களிலும் 2021இன் தொடக்கத்திலும் பரவிக் கிடக்கிறது. முதல் மொழிபெயர்ப்பாளர் மனக்கணக்காக 2020 என்பார், இரண்டாமவர் 2021 என்பார். கோப்பில் பதிவாவது விண்ணப்பதாரரின் "முரண்பாடு". எத்தியோப்பியரின் நாட்காட்டியோ 13 மாதங்கள் கொண்டது, ஆண்டுக் கணக்கில் ஏழெட்டு ஆண்டுகள் பின்தங்கியது. உங்கள் உறவினரின் வழக்கிலும் முதல் வேலையாக இரு நேர்காணல்களின் முழு எழுத்துப் பதிவையும், ஒலிப்பதிவு செய்யப்பட்டிருந்தால் அதன் பிரதியையும் வழக்கறிஞர் மூலம் கேட்டுப் பெறுங்கள். மாறியது அவர் சொன்ன தேதியா, பெயர்க்கப்பட்ட தேதியா என்பது அதில்தான் தெரியும். சித்திரவதைத் தழும்புகளோ மனவடுவின் அறிகுறிகளோ இருக்குமானால், 'இஸ்தான்புல் நெறிமுறை' என்று அறியப்படும் ஐ.நா. வழிகாட்டியில் பயிற்சி பெற்ற மருத்துவரின் அறிக்கை மேன்முறையீட்டில் பெரிதும் உதவும். நினைவில் ஏற்படும் இடைவெளிகளுக்கான மருத்துவ விளக்கமும் அதில் இடம்பெறலாம்.

இனி நேர்காணலுக்குச் செல்பவர்களுக்கு. மொழிபெயர்ப்பாளரின் பேச்சு வழக்குப் புரியவில்லை என்றால் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்; மரியாதை கருதித் தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டு, நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகு சொன்னால் எடுபடுவது கடினம். தேதி நினைவில்லை என்றால் ஊகித்துச் சொல்லாமல், நினைவில்லை என்றே சொல்லி, பிள்ளை பிறந்ததற்கு முன்பா பின்பா என்பது போல் நிச்சயமாகத் தெரிந்த ஒன்றோடு பொருத்திக் காட்டுங்கள். பாலியல் வன்முறை போன்றவற்றைப் பேச வேண்டியிருந்தால், விசாரிப்பவரும் மொழிபெயர்ப்பாளரும் பெண்ணாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். கணவரின் முன்னிலையில் அல்லாமல் தனியாகப் பேசவும் கேட்கலாம். இறுதியில் பதிவை வாசித்துக் காட்டச் சொல்லித் திருத்திய பிறகே கையெழுத்திடுங்கள்.

கசப்பான ஒன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. "இப்படிச் சொன்னால் கிடைக்கும்" என்று தரகர்கள் எழுதிக் கொடுக்கும் கேஸ், உண்மையாகவே பாதிக்கப்பட்டவரை அழித்துவிடுகிறது. தன் கதையே போதுமானதாக இருந்தும், மற்றொருவரின் கதையை ஒப்பித்து அதில் மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் வரி கட்டுகிறோம், அவர்கள் ஆண்டுக்கணக்கில் அரசுச் செலவில் தங்கிச் சாப்பிடுகிறார்கள். இது நலனா, வீண் செலவா?

பதில்: கோபத்தின் ஒரு பாதி நியாயமானதுதான். ஆனால் அந்தச் செலவை நீட்டிப்பவர் விண்ணப்பதாரர் அல்லர். முடிவெடுக்க ஆண்டுகள் எடுத்துக்கொள்வதும், அந்த ஆண்டுகளில் வேலை செய்யக்கூடாது என்று தடுப்பதும் அரசுதான்.

வேலையும் இல்லை, உதவியும் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு சான்றாக இருக்கிறது. அஃப்கானிஸ்தானைச் சேர்ந்த ஒருவரை, அவர் முதலில் நுழைந்த ஐரோப்பிய நாடு கிரேக்கம் என்பதால், பெல்ஜியம் 2009இல் அங்கே அனுப்பிவைத்தது. அங்கே அவர் நெரிசலான காவலில் வைக்கப்பட்டு, பிறகு கையில் ஒன்றுமில்லாமல் வெளியே விடப்பட்டார். உணவுக்கும் குளிப்பதற்கும் வழியின்றி, ஏதென்ஸ் நகரப் பூங்கா ஒன்றில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். 2011 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், காவலின் நிலைமையை மட்டுமின்றி, அந்தப் பூங்கா வாழ்க்கையையும் மனிதத்தன்மையற்ற நடத்தைக்கு எதிரான விதியின் மீறலாகக் கருதியது. நிலைமை தெரிந்தும் அனுப்பிய பெல்ஜியத்தையும் சேர்த்தே குற்றம் கண்டது. தங்குமிடமும் உணவும் இரக்கத்தால் போடும் பிச்சை அல்ல என்பதோடு, அவை இல்லாதவரால் வழக்கையே நடத்த முடியாது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. முகவரி இல்லாதவருக்கு நேர்காணல் அழைப்பு எங்கே போய்ச் சேரும்?

வேலையைப் பொறுத்தவரை, அயர்லாந்தில் எட்டாண்டுகளுக்கு மேல் காத்திருந்த மியன்மார் நாட்டவர் ஒருவர், தனக்கு வேலை கிடைத்தும் சட்டம் தடுக்கிறது என்று நீதிமன்றம் சென்றார். கால வரம்பே இல்லாத முழுத் தடை அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பின் அங்கே சட்டம் மாறியது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல், ஒன்பது மாதத்துக்குள் வேலைக்கு வழிவிட வேண்டும் என்றிருந்தது. 2024இல் அதை ஆறு மாதமாகக் குறைத்தது. பணக்கார நாடுகள் இப்படி மாதக்கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கையில், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளை வைத்திருக்கும் உகாண்டா, வேலை செய்யும் உரிமையையும் நடமாடும் உரிமையையும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. பயிரிட நிலத்துண்டும் ஒதுக்குகிறது. உலக அகதிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரைக் குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உள்ள நாடுகளே தாங்குகின்றன என்பதை, வரியைப் பற்றி எழுதும் வாசகர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பெற்றோர் இல்லாமல் தனியாக வந்து சேரும் சிறுவர்களை என்ன செய்கிறார்கள்? அவர்களையும் முகாமில் பூட்டி வைக்கலாமா?

பதில்: குழந்தை உரிமைகள் உடன்படிக்கை (1989) தன் 22ஆம் பிரிவில், புகலிடம் கேட்கும் குழந்தைக்குத் தனியே பாதுகாப்பும், குடும்பத்தைத் தேடிச் சேர்க்கும் உதவியும் தரவேண்டும் என்கிறது. காவலில் வைப்பது கடைசி வழியாகவும் மிகக் குறுகிய காலத்துக்கும் மட்டுமே இருக்கலாம் என்பது 37ஆம் பிரிவு. குடியேற்றக் காரணத்துக்காகக் குழந்தையை ஒருபோதும் அடைத்து வைக்கக்கூடாது என்று அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2017இல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. நடைமுறையில் எல்லாமே ஒரு பாதுகாவலர் நியமிக்கப்படுவதைப் பொறுத்திருக்கிறது. வயது பற்றிய சர்ச்சை எழுந்தால், மணிக்கட்டு எக்ஸ்ரேயோ பல் பரிசோதனையோ பிறந்த நாளைச் சொல்லிவிடாது. அவற்றின் பிழை வரம்பு ஆண்டுக்கணக்கில் இருப்பதால், ஐயம் நீங்காதவரை குழந்தை என்றே நடத்த வேண்டும்.

கேள்வி: அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாட்டில் இருப்பவர் கதி என்ன?

பதில்: கடினம்தான், ஆனால் வெறுமை இல்லை. திருப்பி அனுப்பாமை இன்று வழக்காற்றுச் சர்வதேசச் சட்டமாக, அதாவது நாடுகளின் வழக்கத்தால் உருவாகி, கையெழுத்திடாத நாட்டையும் கட்டுப்படுத்தும் சட்டமாகப் பரவலாகக் கருதப்படுகிறது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை (1984) ஏற்ற நாடு, சித்திரவதை காத்திருக்கும் இடத்துக்கு யாரையும் அனுப்ப முடியாது. இதற்கு விதிவிலக்கே கிடையாது. சில நாடுகளில் அரசியலமைப்பு கைகொடுக்கிறது: உடன்படிக்கையில் சேராத இந்தியாவில், சக்மா மக்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், குடிமகனாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மனிதரின் உயிரையும் சுதந்திரத்தையும் காக்க அரசு கடமைப்பட்டது என்றது. இத்தகைய பல நாடுகளில் பதிவும் விசாரணையும் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையரகத்தின் கையில் இருக்கின்றன. எனவே அதன் அலுவலகத்தில் பதிந்துகொள்வதே முதல் படி.

கேள்வி: எல்லா முறையீடும் தோற்றுவிட்டால்?

பதில்: நியாயமான விசாரணைக்குப் பிறகு பாதுகாப்புத் தேவையில்லை என்று முடிவானவரைத் திருப்பி அனுப்ப அரசுக்கு அதிகாரம் உண்டு, இதை மறுப்பது புகலிட ஏற்பாட்டையே பலவீனமாக்கும். ஆனால் முறையீடு முடிவதற்கு முன்பே விமானத்தில் ஏற்றக்கூடாது. மூன்றாவது நாட்டுக்கு அனுப்புவதானால் அந்த நாடும் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும். புகலிடம் கேட்டு வந்தவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் பிரிட்டனின் திட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் ஒருமனதாகச் சட்டவிரோதம் என்றது, அங்கிருந்து அவர்கள் ஆபத்துள்ள சொந்த நாட்டுக்கே தள்ளப்படக்கூடும் என்ற காரணத்தால்தான். அனுப்ப எந்த நாடும் இல்லாத நிலையில் காலவரையின்றி அடைத்து வைப்பதும் செல்லாது என்று, நாடற்ற ரோஹிங்கியா ஒருவரின் வழக்கில் அதே மாதம் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேள்வி: சட்டம் தெரியாத நாங்கள், இவர்களுக்கு எப்படி உதவலாம்?

பதில்: முதலில், தீங்கு செய்யாமல் இருங்கள். உதவி வழங்கும் நிகழ்ச்சியில் முகம் தெரியப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவது, சொந்த நாட்டிலுள்ள அவரது குடும்பத்தை ஆபத்தில் தள்ளக்கூடும். ஆவணம் வாங்கித் தருகிறேன் என்று அவரது நாட்டுத் தூதரகத்தை நீங்களாகத் தொடர்புகொள்ளாதீர்கள். புகலிடம் கேட்டிருக்கிறார் என்ற செய்தி போகக்கூடாத இடம் அதுதான். அவருடைய கதையை மெருகேற்றித் தர முயலாதீர்கள். சட்ட ஆலோசனைக்கு இலவச சட்ட உதவி மையத்துக்கோ தகுதிபெற்ற வழக்கறிஞரிடமோ அழைத்துச் செல்லுங்கள்.

உங்களால் நன்றாகச் செய்யக்கூடியவை எளிய வேலைகள்: வந்த கடிதங்களை எல்லாம் தேதிவாரியாக ஒரு கோப்பில் அடுக்கித் தருவது, விசாரணை நாளன்று உடன் போய் வெளியே காத்திருப்பது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது. நிராகரிப்புக்கு எதிராக முறையிடப் பல நாடுகளில் சில நாட்கள் அல்லது சில வாரங்களே தரப்படுகின்றன. அந்தக் கெடு பெரும்பாலும் தவறிப்போவது, தங்குமிடம் மாறியதை அலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் கடிதம் பழைய முகவரிக்குப் போய்விடுவதால்தான். அவர் வீடு மாறிய அன்றே முகவரி மாற்றத்தை அலுவலகத்துக்கும் வழக்கறிஞருக்கும் எழுத்தில் தெரிவிக்க வைத்து, ஒப்புகையை அந்தக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.